மீட்டரும் கணக்கும்: திருவண்ணாமலை வட்டாரமும் மின்கணக்குத் தணிக்கையின் வரலாறும்

மின்கணக்குத் தணிக்கை என்பது ஒரு பகிர்மான அமைப்புக்குள் நுழைந்த மின்சாரத்தையும், நுகர்வோரின் மீட்டர்களில் பதிவான மின்சாரத்தையும் ஒப்பிட்டு, இடையில் இழப்பானது எவ்வளவு, எங்கே, எதனால் என்று கண்டறியும் நடைமுறை. இந்தியாவின் மின் பகிர்மான நிறுவனங்கள் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும் என்பது 2021 முதல் சட்டக் கடமை. தமிழ்நாட்டில் இக்கணக்கின் மிகக் கடினமான பகுதி விவசாயக் கிணறுகளின் மின்சாரம். அம்மின்சாரம் இலவசம். பெரும்பாலான கிணறுகளில் பயன்பாட்டை அளக்கும் மீட்டர் இல்லை. ஏரியையும் கிணற்றையும் நம்பிய திருவண்ணாமலை மாவட்டம் இச்சிக்கலை நெருங்கிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். மீட்டர் என்பது அளவுக்கருவியா, கட்டணம் வாங்கும் கருவியா என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

முன்வரலாறு: விளக்கின் கணக்கு

திருவண்ணாமலையில் ஒளிக்குக் கணக்கு வைப்பது மின்சாரத்துக்கு மிகவும் முந்தையது. அருணாசலேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கான கொடைகள் உண்டு. அணையாமல் எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகளை அளிப்பது அக்காலத் தமிழகக் கோயில்களின் பொது வழக்கம். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகளைக் கல்வெட்டுகள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கும். ஆடு செத்தாலும் மூத்தாலும் அதன் குட்டியைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டும் என்பது இதன் பொருள்.

கல்லில் எழுதிய எண்ணும் கொட்டிலில் நிற்கும் ஆடும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டியிருந்தது. முதலாம் இராஜராஜன் காலத்தில் மதுராந்தகன் கண்டராதித்தன் திருவல்லம் கோயிலின் நிர்வாகத்தை விசாரித்து, வழிபாட்டுக்கு உரியவை குறைந்திருந்ததைக் கண்டு சீர்செய்ததை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத்தில் திருவண்ணாமலையும் திருவல்லமும் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. அளவை, பதிவு, வெளியிலிருந்து வரும் விசாரணை என்ற மூன்றும் அன்றைய கணக்கிலேயே இருந்தன. இன்றைய மின் தணிக்கையும் இம்மூன்றையே கோருகிறது.

மீட்டரின் வருகை

மின்சாரத்தை விற்பனைப் பொருளாக்கியது மீட்டர்தான். 1880-களில் தாமஸ் எடிசனின் நிறுவனம் பயன்படுத்திய வேதி மீட்டரில் துத்தநாகத் தகடுகள் கரைசலில் மூழ்கியிருக்கும். தகடுகளைக் கழற்றி எடுத்துச் சென்று எடை போட்டு, எடை மாறுபாட்டைக் கொண்டு கட்டணம் கணக்கிட்டனர். தன் வீட்டில் எவ்வளவு செலவாயிற்று என்பதை நுகர்வோர் தாமே பார்க்க வழியில்லை. 1889-ல் ஹங்கேரியப் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி உருவாக்கிய தூண்டல் மீட்டர் வகை இக்குறையைப் போக்கியது. அலுமினியத் தட்டு சுழல, எண்கள் நகரும் இவ்வகை மீட்டரே இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தமிழ்நாட்டு வீடுகளில் இருந்தது.

இந்திய மின்சாரச் சட்டம், 1910-ன் 26-ஆம் பிரிவு, விற்கப்படும் மின்சாரத்தின் அளவைச் 'சரியான' மீட்டர் கொண்டு அறிய வேண்டும் என்றது. மீட்டர் குறித்துத் தகராறு எழுந்தால் விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மின் ஆய்வாளர் முடிவு செய்வார். மீட்டர் பழுதெனக் கண்டால் அதிகபட்சம் ஆறு மாதக் காலத்துக்கே அவர் கணக்கைத் திருத்தி மதிப்பிடலாம். விற்பவரின் அளவை விற்பவரே சான்றளிப்பது போதாது என்ற கொள்கை இச்சட்டத்திலேயே இடம்பெற்றது.

சென்னை மாகாண அரசு 1927-ல் மின்சாரத் துறையைத் தொடங்கியது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையமும், 1937-ல் மேட்டூர் நீர்மின் நிலையமும் செயல்படத் தொடங்கின. 1957 ஜூலை 1-ல் சென்னை மாநில மின்சார வாரியம் உருவாயிற்று. இது பின்னர் தமிழ்நாடு மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. கிராம மின்மயமாக்கத்தில் முன்னணியில் நின்ற மாநிலங்களுள் ஒன்று தமிழ்நாடு. கம்பிகள் கிராமங்களை அடைந்தபோது விளக்குகளுடன் பம்பு செட்டுகளுக்கும் இணைப்புகள் தரப்பட்டன.

வட ஆற்காட்டுக் கிணறுகள்

இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. செய்யாறும் தென்பெண்ணையும் இங்கே பாய்ந்தாலும் அவை ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறுகள் அல்ல. 1958-ல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் பாசனம் மாவட்டம் முழுவதையும் எட்டுவதில்லை. நெல், கரும்பு, வேர்க்கடலை ஆகியவற்றை விளைவிக்கும் உழவர் பெரும்பாலும் ஏரியையும் கிணற்றையுமே நம்பியுள்ளனர்.

கவலை ஏற்றம் பூட்டிய கிணறுகளில் மின்மோட்டார் வந்ததை ஆய்வாளர்கள் நெருங்கிப் பின்தொடர்ந்த மாவட்டங்களுள் வட ஆற்காடும் ஒன்று. 1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு இங்கும் இலங்கையிலும் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராய்ந்தது. பத்தாண்டுக்குப் பின் வட ஆற்காட்டுக் கிராமங்களில் மீண்டும் நடந்த ஆய்வின் அடிப்படையில், பீட்டர் ஹேஸலும் சி. ராமசாமியும் எழுதிய நூல் 1991-ல் வெளிவந்தது. புதிய நெல் வகைகளுக்கு உறுதியான நீர் தேவைப்பட்டது. அந்நீரைப் பம்பு செட்டுகள் தந்தன. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றை ஆழப்படுத்தவும் கூடுதல் குதிரைத்திறன் கொண்ட மோட்டாரை இறக்கவும் நேர்ந்தது.

ஒரு பைசா போராட்டம்

விவசாய மின்சாரத்துக்கு அப்போது யூனிட் அடிப்படையில் கட்டணம் இருந்தது. 1970-ல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து, சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டார விவசாயிகள் போராடினர். 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். பின்னர் கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கப்பட்டது. 1972-ல் கட்டணம் மீண்டும் உயர்ந்தபோது கோவை நகரச் சாலைகளை மாட்டு வண்டிகளால் மறித்தனர். அவ்வாண்டு ஜூலையில் பல இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் மேலும் பலர் இறந்தனர். நாயுடுவின் தலைமையில் வளர்ந்த இயக்கம் தமிழக விவசாயிகள் சங்கமாக மாநிலமெங்கும் பரவியது.

இப்போராட்டம் மீட்டரைப் பற்றிய பொது நினைவை மாற்றியது. விவசாயியின் பார்வையில் மீட்டர் என்றால் பில், பில் என்றால் அடுத்த கட்டண உயர்வு என்றாயிற்று. 1984-ல் எம்.ஜி. இராமச்சந்திரன் அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வழங்கியது. 1989-91 ஆட்சிக்காலத்தில் மு. கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. கட்டணம் இல்லாத இடத்தில் மீட்டரைப் படிக்கும் தேவையும் இல்லாமற்போனது.

மீட்டர் இல்லாத கணக்கு

அளக்கப்படாத மின்சாரம் தணிக்கையில் என்ன விளைவை ஏற்படுத்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு துணைமின் நிலையத்திலிருந்து ஓராண்டில் 100 லட்சம் யூனிட் வெளியேறுவதாகக் கொள்வோம். வீடு, கடை, தொழிற்கூடம் ஆகியவற்றின் மீட்டர்களில் 60 லட்சம் யூனிட் பதிவாகிறது. மீதி 40 லட்சத்தில் ஒரு பகுதி கிணறுகளுக்குச் சென்றது. மறுபகுதி கம்பியிலும் மின்மாற்றியிலும் வெப்பமாகவோ திருட்டாகவோ போனது. கிணறுகள் 28 லட்சம் யூனிட் எடுத்தன என்று மதிப்பிட்டால் இழப்பு 12 சதவீதம். 20 லட்சம் என்று மதிப்பிட்டால் இழப்பு 20 சதவீதம். கம்பிகளில் எந்த மாற்றமும் நிகழாமலே, மதிப்பீட்டு எண்ணை மாற்றுவதால் மட்டும் நிறுவனத்தின் திறமை கூடியதாகவோ குறைந்ததாகவோ தோன்றும்.

இது கற்பனையான ஐயம் அல்ல. மகாராஷ்டிரத்தில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் விவசாயப் பயன்பாட்டு மதிப்பீட்டைச் சோதித்தபோது, சுமார் 18 சதவீதம் எனக் காட்டப்பட்டு வந்த இழப்பு உண்மையில் 30 சதவீதத்துக்கும் மேல் என்று தெரியவந்தது. இழப்பின் ஒரு பகுதி விவசாயிகளின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. உழவர் எடுக்காத மின்சாரம் அவர் பெற்ற மானியமாகக் கணக்கில் ஏறுகிறது என்பதால், சரியான அளவை விவசாயிகளின் நலனுக்கும் உரியதாகிறது.

தமிழ்நாட்டில் விவசாய இணைப்புகள் சுமார் 23 லட்சம். மீட்டர் இல்லாத இணைப்புகளுக்கான மானியம் மோட்டாரின் குதிரைத்திறன் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதிவேட்டில் 5 குதிரைத்திறன் என்றிருக்கும் கிணற்றில், நீர்மட்டம் இறங்கிய பின் 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஓடக்கூடும். யூனிட்டும் தெரியாமல் குதிரைத்திறனும் உறுதியில்லாமல் போனால் மாதிரி இணைப்புகளில் எடுக்கும் அளவீட்டையே நம்ப வேண்டியிருக்கும். எந்தக் கிணறுகள் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது அப்போது முக்கியமாகிறது. ஏரியின் கீழுள்ள கிணறும் மேட்டு நிலத்து ஆழ்துளைக் கிணறும் ஒரே அளவு மின்சாரம் எடுப்பதில்லை.

ஒழுங்குமுறைக் காலம்

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-ல் அமைக்கப்பட்டது. அதன் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வெளியானது. அதையொட்டி ஜெ. ஜெயலலிதா அரசு விவசாய இலவச மின்சாரத்தை நிறுத்திச் சிறு விவசாயிகளுக்குப் பணமாக உதவி வழங்க முற்பட்டது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் இலவச மின்சாரம் மீட்கப்பட்டது.

இதே காலத்தில் மின்சாரச் சட்டம், 2003 நடைமுறைக்கு வந்தது. அதன் 55-ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீட்டர் இல்லாமல் எவருக்கும் மின்சாரம் வழங்கக்கூடாது என்றது. ஒழுங்குமுறை ஆணையங்கள் காலநீட்டிப்பு வழங்கவும் இடமளித்தது. 65-ஆம் பிரிவின்படி மாநில அரசு எவருக்கேனும் சலுகை தர விரும்பினால் அதற்கான தொகையை நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். விவசாயம், குடிசை ஆகிய இணைப்புகளுக்கு மீட்டர் பொருத்தத் தமிழ்நாட்டில் காலநீட்டிப்புகள் கோரப்பட்டன.

மத்திய மின்சார ஆணையம் 2006-ல் வெளியிட்ட மீட்டர் ஒழுங்குமுறைகள் மீட்டர்களை மூன்றாகப் பிரித்தன. இரு நிறுவனங்களின் எல்லையில் உள்ளவை, நுகர்வோரிடம் உள்ளவை, கணக்கீட்டுக்கும் தணிக்கைக்கும் என்றே துணைமின் நிலையங்களிலும் மின்மாற்றிகளிலும் வைக்கப்படுபவை என்பன அவை. மூன்றாம் வகை எவருக்கும் பில் அனுப்புவதற்கு உரியதல்ல. அளப்பதையும் வசூலிப்பதையும் தனித்தனிச் செயல்களாகச் சட்டம் இங்கே ஏற்றுக்கொண்டது.

2010 நவம்பர் 1-ல் மின்சார வாரியம் பிரிக்கப்பட்டுத் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் செயல்படத் தொடங்கியது. 2017 ஜனவரி 9-ல் தமிழ்நாடு மத்திய அரசின் உதய் திட்டத்தில் இணைந்தது. கழகத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. மீட்டர் பொருத்துதலும் இழப்புக் குறைப்பும் அத்திட்டத்தின் இலக்குகளில் அடங்கின.

ஆண்டுத் தணிக்கை

2020 செப்டம்பரில் மின் பகிர்மான நிறுவனங்கள் அனைத்தும் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், 2001-ன் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2021 அக்டோபரில் எரிசக்தித் திறன் பணியகம் தணிக்கைக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி நிறுவனம் தன் சான்று பெற்ற எரிசக்தி மேலாளரைக் கொண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கு எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற வெளித் தணிக்கையாளர் அதைச் சரிபார்த்து, நிதியாண்டு முடிந்த நான்கு மாதங்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முன்னது சுயதணிக்கை, பின்னது அதன்மீதான சோதனை.

தணிக்கையின் பணி துணைமின் நிலையத்தில் தொடங்கி ஃபீடர், மின்மாற்றி, நுகர்வோர் என்று கீழிறங்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே வெளியேறிய யூனிட்டும் கீழே பதிவான யூனிட்டும் ஒப்பிடப்படும். வழக்கமாகச் சோதிக்கப்படுபவை இவை:

மீட்டரின் பெருக்கு எண் பதிவேட்டில் சரியாக உள்ளதா என்பது முதலாவது. பெரிய மீட்டர்களில் திரையில் தெரியும் எண்ணை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்க வேண்டும். அது தவறினால் ஆண்டு முழுவதுமான கணக்கும் தவறும்.

எந்த வீடு எந்த மின்மாற்றியைச் சேர்ந்தது என்ற பட்டியல் இரண்டாவது. பழுதின்போது இணைப்புகள் வேறு மின்மாற்றிக்கு மாற்றப்பட்டுப் பட்டியல் திருத்தப்படாமல் விடப்பட்டால், ஒரு மின்மாற்றியில் பெரும் இழப்பும் அடுத்ததில் நம்ப முடியாத மிச்சமும் தோன்றும்.

கால வேறுபாடு மூன்றாவது. தமிழ்நாட்டு வீடுகளில் கணக்கீட்டாளர் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வெவ்வேறு நாள்களில் கணக்கெடுக்கிறார். ஃபீடர் மீட்டரோ மாத முடிவில் படிக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே காலத்துக்குப் பொருத்திய பின்னரே ஒப்பிட முடியும்.

ஓடாத மீட்டர்களும் பூட்டிய வீடுகளும் நான்காவது. தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பின்படி, மீட்டர் பழுதான காலத்துக்கு முந்தைய நான்கு மாதச் சராசரி கொண்டு பில் இடப்படும். சராசரிகள் மிகுந்தால் அளவீடு என்ற பெயரில் மதிப்பீடே எஞ்சும்.

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரில் திருவிழாக் கணக்கும் உண்டு. கார்த்திகை தீபத்தின்போதும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் பெருந்திரள் கூடுகிறது. விடுதிகள், கடைகள், தற்காலிகப் பந்தல்கள், தெருவிளக்குகள் என்று சில நாள்களில் மின்தேவை ஏறி இறங்கும். தற்காலிக இணைப்புகளின் பட்டியலோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் இவ்வேற்றம் ஃபீடர் கணக்கில் இழப்பாகவே தோன்றும். 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபம் மட்டும் இன்றும் நெய்க்கணக்கில்தான் எரிகிறது.

இலவசமும் அளவையும்

மீட்டர் வந்தால் இலவசம் போய்விடும் என்பது விவசாயச் சங்கங்களின் நீண்டகால அச்சம். புதிய விவசாய இணைப்புகளில் மீட்டர் பொருத்தப்பட்டபோதும் இதே எதிர்ப்பு எழுந்தது. 2020-21-ல் தில்லி எல்லையில் போராடிய விவசாயிகளின் கோரிக்கைகளில் மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடுவதும் ஒன்று.

ஆனால் அளப்பதும் இலவசமாகத் தருவதும் ஒன்றுசேர இயலாதவை அல்ல. 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளர்களுக்கு அதே ஆண்டில் 200 யூனிட் வரை இலவசமாக்கப்பட்டு, 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி பட்டு நெசவாளர்களின் வீடுகளில் இச்சலுகை மீட்டர் வழியாகவே கணக்கிடப்படுகிறது. இதில் விவசாயிகள் காணும் வேறுபாடு ஒன்று உண்டு. நெசவாளருக்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் பில் வரும். கிணற்று மின்சாரத்துக்கு இன்று எல்லை இல்லை. மீட்டர் வந்தபின் எல்லையும் வராது என்ற உறுதியையே அவர்கள் கேட்கின்றனர்.

பிற மாநிலங்கள் இருவேறு வழிகளைத் தேர்ந்தன. மேற்கு வங்கம் 2007 வாக்கில் தொடங்கி ஆழ்துளைக் கிணறுகளில் தொலைவிலிருந்து படிக்கத்தக்க மீட்டர்களைப் பொருத்தியது. குஜராத் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் தனித்தனி ஃபீடர்களை அமைத்தது. இரண்டாவது வழியில் தனிக் கிணற்றில் மீட்டர் தேவையில்லை. ஃபீடரின் தொடக்கத்தில் உள்ள ஒரே மீட்டர் நூற்றுக்கணக்கான கிணறுகளின் மொத்தப் பயன்பாட்டைக் காட்டிவிடும்.

மத்திய அரசின் 2021 கொள்கையும் இத்திசையில் நகர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான ஸ்மார்ட் மீட்டர் அறிவிக்கை, முன்கட்டண மீட்டர் கடமையிலிருந்து விவசாய நுகர்வோரை விலக்கியது. ஃபீடர்களிலும் மின்மாற்றிகளிலும் மீட்டர்களைக் கட்டாயமாக்கியது. 2023 ஜூலையில் திருத்தப்பட்ட மின்சார விதிகள், மானியக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தருவதைக் கடமையாக்கின. தமிழ்நாட்டில் 2024 முதல் பகிர்மானத்தைத் தனியாக ஏற்றுள்ள தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும் இவை பொருந்தும்.

மதிப்பீடு

மின்கணக்குத் தணிக்கையின் வரலாறு கருவிகள் முன்னேறிய வரலாறு மட்டும் அல்ல. கணக்கை எழுதுபவர் மீது கணக்கில் எழுதப்படுபவர் கொண்ட நம்பிக்கை உடைந்ததும் மீண்டும் தேடப்பட்டதும் அதில் உண்டு. பெருமாநல்லூருக்குப் பின் தமிழ்நாட்டு விவசாயி மீட்டரை ஐயத்துடன் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. மீட்டர் இல்லாத ஆண்டுகளில் அவர் பெயரில் எவ்வளவு மின்சாரம் எழுதப்பட்டது என்பதை அவரால் மறுக்கவோ மெய்ப்பிக்கவோ முடியாமற்போனதும் உண்மை. இறங்கும் நிலத்தடி நீரைப் பற்றிய திட்டமிடலுக்கும் கிணற்று மின்சாரத்தின் அளவு ஒரு முதன்மைச் சான்று. பில் அனுப்பாத மீட்டர், ஃபீடர் அளவிலான கணக்கு, வெளியார் தணிக்கை ஆகியவை இணையும்போது இலவசத்தைத் தொடாமலே உண்மை அளவை அறிய முடியும். அந்த அளவை ஊர்தோறும் வெளியிட்டால்தான், அது தங்களுக்கு எதிரானது அல்ல என்பதை உழவர்களால் சரிபார்த்துக்கொள்ள முடியும்.